இரண்டுக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

புதிய கணிதத்தால் சமுதாயத்தை மாற்றிவிடுவது என்று அரசாங்கம் தீர்மானித்த ஆண்டில், கெடுங்செமார் நடுநிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் வுர்யானி பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு செமாராங் நகரத்துக்கு அனுப்பப்பட்டாள். திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு சான்றிதழும், நாலு நிறச் சாக்குக்கட்டிகளும், தடிமனான ஆசிரியர் கையேடும் இருந்தன. பயிற்சியைத் தொடங்கிவைத்த அதிகாரி இரண்டு மணி நேரம் பேசியிருந்தார்.

"பழைய கணக்கு என்ன செஞ்சுது? கடைக்காரன் மீதிச் சில்லறையைச் சரியா கொடுத்தானான்னு பார்க்கச் சொல்லிக் கொடுத்துது. அதனால ஜனங்க ஒருத்தரையொருத்தர் சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க. புதுக் கணக்குல அந்த வம்பே இல்ல. எண்ணவே வேண்டாம். வட்டம் போட்டாப் போதும். வட்டத்துக்குள்ள எல்லாரும் ஒத்துமையா இருப்பாங்க."

வுர்யானி இதில் பாதியைத்தான் நம்பினாள். அந்தப் பாதியே அவளை மாட்டிவிட்டது.

கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம், மாணவர்களின் சொந்தச் சூழலிலிருந்து கணங்களைத் திரட்டச் சொன்னது. அவள் அதை அப்படியே செய்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரையுள்ள பெண்பிள்ளைகளை ஊரில் கணக்கெடுங்கள் என்றாள். வீட்டுப் பக்கத்தில் அடிகுழாய் உள்ளவர்கள் ஒரு வட்டம், பள்ளிக்கூடம் வருகிறவர்கள் இன்னொரு வட்டம். பிள்ளைகள் நாலு தெருவும் சுற்றி வந்து பேர்களை எழுதினார்கள். மொத்தம் இருபத்தொன்பது பெண்கள். குழாய் வட்டத்துக்குள் பன்னிரண்டு பேர். பள்ளி வட்டத்துக்குள்ளும் பன்னிரண்டு பேர். கரும்பலகையில் வரைந்தபோது, ஒன்றின்மேல் ஒன்று வைத்த தட்டுகள் மாதிரி இரண்டு வட்டமும் பொருந்திவிட்டன. அதே பன்னிரண்டு பேர். மற்ற பதினேழு பேரும் வெளியே நின்றார்கள்.

கெடுங் என்றால் மடு. கெடுங்செமார் என்ற பெயரில்தான் மடு இருக்கிறது. ஊரில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அந்தப் பதினேழு பேரும் விடியுமுன் குடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊற்றுக்குப் போகிறவர்கள். ஆறாம் வகுப்போடு நின்றுபோனவர்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே படத்தில் யாரும் பார்த்ததில்லை. ஊரிலிருந்த நாலு அடிகுழாய்கள் எங்கெங்கே இருந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒன்று சாமாட் என்கிற வட்டார அதிகாரி வீட்டு முற்றத்தில். ஒன்று அவருடைய மைத்துனி வீட்டில். ஒன்று கிராமத் தலைவர் வாசலில். நாலாவது, ராணுவக் காவல் நிலையத்துச் சார்ஜண்ட் துக்கிரான் வீட்டுக் கொல்லையில்.

சார்ஜண்டின் மகள் விகாத்தி அந்த வகுப்பில்தான் படித்தாள். நல்ல மாணவி. அன்று மாலை அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது சார்ஜண்ட் நோட்டை எட்டிப் பார்த்தார். மேலே பெரிதாக எழுதியிருந்தது: "நம் ஊரில் உள்ள ஹிம்புனான்கள்."

இங்கேதான் சனி பிடித்தது. கணக்கில் வரும் கணத்துக்கும், நாலு பேர் கூடி வைக்கும் சங்கத்துக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்: ஹிம்புனான். பத்து வருஷத்துக்கு முன், அறுபத்தைந்தில், ஏதோ ஒரு சங்கத்துப் பட்டியலில் பெயர் இருந்ததற்காக லாரியில் ஏற்றப்பட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுக்கும் பெண்கள்கூடத் தங்களுக்குப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சார்ஜண்டின் சொந்த வீட்டில், சொந்த மகள், பதினாலு ஹிம்புனான்களின் உறுப்பினர் பட்டியலை அழகாக எழுதிவைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் வுர்யானிக்குக் கடிதம் வந்தது. தான் நிறுவிய ஹிம்புனான்கள் அனைத்தின் பெயர், நோக்கம், உறுப்பினர் விவரம் ஆகியவற்றுடன் வட்டார அலுவலகத்துக்கு வரவேண்டும். மூன்று முத்திரைகள்.

அவள் கடிதத்தைக் கணவனிடம் நீட்டினாள். கணவன் ஜுமெனோ தபால் நிலையத்தில் தந்தி எழுத்தர். பதினொரு வருஷ வேலையில் ஒரு தந்தியைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை என்பதுதான் அவன் வாழ்க்கையின் ஒரே பெருமை. அவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். வீட்டில் அவனுக்கு அவள் டிக், அவளுக்கு அவன் மாஸ்.

"டிக், வேலைக்குச் சேரும்போது ஒரு விண்ணப்பம் எழுதினியே. கூடப்பிறந்தவங்கன்னு ஒரு கேள்வி இருக்குமே. அதுல என்ன போட்டே?"

"யாருமில்லன்னு போட்டேன், மாஸ்."

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். சுபாகியோ. பக்கத்து வட்டாரத்தில் வாத்தியார். ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டியவன். அறுபத்தைந்து நவம்பரில் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவனை, மாற்றாத சட்டையோடு கூட்டிப்போனார்கள்.

"கேட்டாங்கன்னா?" என்றாள்.

"கணக்கைப் பத்தி மட்டும் பேசு. கணக்கைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதே."

சாமாட் குந்தாடி மரியாதை தெரிந்த மனுஷர். விசாரணைக்கு வந்தவளுக்கு இனிப்புத் தேநீர் கொடுக்கச் சொன்னார். அவள் அதைத் தொடவில்லை. அவருக்கு இடப்புறம் சார்ஜண்ட் துக்கிரான். வலப்புறம் தலைமையாசிரியர் மார்த்தோயோ, தானும் குற்றவாளிதானோ என்ற சந்தேகத்தில் நாற்காலியின் நுனியில்.

"பயப்படாதீங்க, இபு," என்று, அம்மா என்ற மரியாதையோடு, சாமாட் ஆரம்பித்தார். "அரசாங்கம் கணக்குக்கு எதிரி இல்ல. நான் சின்ன வயசுல கணக்குல கெட்டிக்காரன். ஆனா ஒண்ணு. அரசாங்கம் கணக்கோட பக்கம் நிக்கணும்னா, கணக்கும் அரசாங்கத்தோட பக்கம் நிக்கணும். இது ஒண்ணும் பெரிய எதிர்பார்ப்பு இல்லையே?"

"இல்லைங்க, ஐயா."

சார்ஜண்ட் நோட்டைப் புரட்டினார். "இரட்டைப்படை எண்களின் ஹிம்புனான். இதுக்கு யார் தலைவர்?"

"தலைவர் யாரும் இல்லைங்க."

"தலைவர் இல்லாமலா நடக்குது? சரி. எத்தனை உறுப்பினர்?"

பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அவள் உண்மையைச் சொன்னாள். "முடிவில்லைங்க, ஐயா. எண்ண முடியாது."

சார்ஜண்டின் பேனா நின்றது. அவர் மெதுவாகச் சாமாட் பக்கம் திரும்பினார். "நம்ம மாவட்டத்துல மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சம்தான், ஐயா."

"மேலே கேளுங்க," என்றார் சாமாட். குரலில் தேநீரின் இனிப்பு குறைந்திருந்தது.

"பகா எண்களின் ஹிம்புனான். இதுலயும் இரண்டு இருக்கு. இரட்டைப்படையிலும் இரண்டு இருக்கு. ஒரே ஆளா?"

"ஒரே எண்தாங்க."

"ஒரே ஆள் ரெண்டு ஹிம்புனான்ல இருக்கான். பட்டப்பகல்ல. இதை நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க." அவர் குறித்துக்கொண்டார். "அடுத்தது. வெற்று ஹிம்புனான். அப்படின்னா என்ன?"

"உறுப்பினரே இல்லாததுங்க."

"எல்லாரும் எங்கே போனாங்க?"

"முதல்லேருந்தே யாரும் இல்லைங்க, ஐயா."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் சார்ஜண்ட். இருபது வருஷ அனுபவம் அந்த வாக்கியத்தில் இருந்தது. "வீட்டுக்குப் போனா வீடு காலியா இருக்கும். அடுப்பு மட்டும் சூடா இருக்கும்."

கடைசியாக அவர் அந்தப் படத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தார். இரண்டு வட்டமும், வெளியே பதினேழு பேர்களும். "இந்த வெளியே இருக்கிறவங்க யாரு?"

"தண்ணிக்குப் போற பெண்பிள்ளைங்க."

"நான் அதைக் கேக்கல. வெளியேன்னா எதுக்கு வெளியே?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சாமாட் முந்திக்கொண்டார். "இபு, இந்த நாட்டுல வளர்ச்சி நடந்துக்கிட்டிருக்கு. வளர்ச்சிக்குள்ள எல்லாரும் இருக்கோம். வெளியேன்னு ஒரு இடமே கிடையாது. அந்த இடத்துல யாராவது நிக்கிறாங்கன்னா, அவங்க எந்த மாதிரி ஆளுங்கன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடியே நாம பார்த்தாச்சு. அவங்கள்ல பதினேழு பேரைக் கண்டுபிடிச்சது நீங்க. பேர் விலாசத்தோட."

குடத்தோடு நடந்த பதினேழு பிள்ளைகளைத் தான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் வுர்யானிக்கு வந்தது.

நல்லவேளையாகச் சாமாட் பட்டியலைவிடப் படிவங்களை விரும்பியவர். தண்டனை வேண்டாம், ஒழுங்குபடுத்தினால் போதும் என்று தீர்ப்பளித்தார். கெடுங்செமார் வட்டாரத்துக்குள் இயங்கும் ஒவ்வொரு ஹிம்புனானும் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தலைவர், செயலர், பொருளாளர் பெயர்கள் தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட ஹிம்புனானில் உறுப்பினராக இருப்பவர் நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டும். வெற்று ஹிம்புனான், உள்ளே யாரும் இல்லை என்று கிராமத் தலைவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்த மூன்று வாரம் பள்ளியில் கணக்கு நடக்கவில்லை. பதிவு நடந்தது. தலைமையாசிரியர் மார்த்தோயோ தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"இரட்டைப்படைக்குத் தலைவரா யாரைப் போடலாம், இபு?"

"எதை வேணும்னாலும் போடுங்க, ஐயா."

"அப்படிச் சொல்லக்கூடாது. நாளைக்குப் பிரச்சினைன்னா முதல்ல தலைவரைத்தான் கூப்பிடுவாங்க. பெரிய எண்ணா போடுவோம். நாலாயிரத்தெட்டு. தூரத்துல இருக்கு, யாருக்கும் பழக்கம் கிடையாது."

வெற்று ஹிம்புனானைச் சோதிக்கக் கிராமத் தலைவர் நேரில் வந்தார். வகுப்பறைக் கதவைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்து, யாரும் இல்லை என்று கையெழுத்திட்டார். பிள்ளைகள் வெளியே நின்று சிரிக்கவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டின் சான்றிதழ்தான் இழுத்தது. கிராம அலுவலகத்தில் அந்தப் படிவம் மனிதர்களுக்காக அச்சடிக்கப்பட்டது. எத்தனை வருஷமாக இவ்வூரில் வசிக்கிறார்? பிறந்ததிலிருந்து. தொழில்? பள்ளி உதவி. எழுத்தர் ஒவ்வொன்றாக நிரப்பி, கடைசியில் அச்சிலேயே இருந்த வரியை வாய்விட்டு வாசித்தார். "மேற்படி இரண்டு, அறுபத்தைந்தாம் ஆண்டு சம்பவத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடவில்லை என்றும், அவருடைய குடும்பத்தாரும் ஈடுபடவில்லை என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது." முத்திரை விழுந்தது. வுர்யானி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்த வரி உள்ள காகிதத்தைத் தன் பெயருக்கு வாங்கப் பயந்து பத்து வருஷமாக அவள் அந்த அலுவலகத்துப் பக்கமே வந்ததில்லை.

எல்லாம் அடங்கிவிட்டது என்று அவள் நினைத்த வாரத்தில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. புதிய கணிதத்தால் சமுதாயம் மாறியிருக்கிற முன்மாதிரி வட்டாரம் ஒன்றைக் கல்வி அமைச்சகத்து இயக்குநர் நேரில் பார்க்க விரும்புகிறார். எந்த வட்டாரத்தில் அதிகக் கணங்கள் பதிவாகியிருக்கின்றன என்று கோப்புகளைப் புரட்டியதில், நாடு முழுவதிலும் கணங்களைப் பதிவு செய்திருந்த ஒரே வட்டாரம் கெடுங்செமார்தான்.

சாமாட் மறுநாளே பள்ளிக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேனே, இபு. கணக்கு நம்ம பக்கம்! அந்தப் பெண்பிள்ளைங்க படம் ரொம்ப அருமை. இயக்குநர் அதைப் பார்க்கணும். ஒரே ஒரு சின்னத் திருத்தம். அந்தப் பதினேழையும் உள்ளே போட்டுடுங்க."

"அவங்க பள்ளிக்கூடம் வரலைங்களே, ஐயா. வீட்டுல குழாயும் இல்லையே."

"படத்துல வரட்டும். சமுதாய மாற்றம்னா முதல்ல படத்துலதான் வரும்."

அவர் வெளியே போனார். சார்ஜண்ட் போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பெருக்கல் வாய்ப்பாட்டைக் கவனமாகப் படிப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றார்.

"இபு, உங்க விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். கூடப்பிறந்தவங்க யாரும் இல்லன்னு இருக்கு. பக்கத்து வட்டாரத்துக் கோப்புல ஒரு சுபாகியோ இருக்கான். அவன் அப்பா பேரும் உங்க அப்பா பேரும் ஒண்ணு." குரலில் கோபமே இல்லை. "என் பொண்ணுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். நல்லா வரைஞ்சு கொடுங்க."

அவள் வரைந்தாள். பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு வட்டமும் ஒன்றாக, இருபத்தொன்பது பேர்களும் உள்ளே. வெளியே சுத்தமான வெள்ளை. அடியில் சாமாட் கையெழுத்திட்டார். தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். மூன்றாவதாக அவள்.

இயக்குநர் வந்த நாளில் பதினேழு பெண்களையும் இரவல் சீருடையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சிலருக்குச் சட்டை முழங்கால்வரை தொங்கியது. குடங்கள் பள்ளிக்குப் பின்னால் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. இயக்குநர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, படித்த முகம். அட்டையின் முன் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"வெளியே யாருமே இல்லையே!" என்றார் நெகிழ்ந்துபோய். "முப்பது வருஷமா எத்தனையோ வரைபடம் பார்த்திருக்கேன். வெளியே யாருமே இல்லாத படத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். சாமாட் அவர்களே, இதை எப்படிச் செஞ்சீங்க?"

"வழிகாட்டுதல்படி, ஐயா," என்றார் சாமாட்.

இயக்குநர் கடைசி பெஞ்சில் இருந்த பொனிரா என்ற பெண்ணிடம் குனிந்தார். "கணக்குல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்மா?"

பொனிராவுக்கு வயது பதினாலு. அவள் டீச்சரைப் பார்த்தாள். வுர்யானி தரையைப் பார்த்தாள். சார்ஜண்ட் பொனிராவைப் பார்த்தார்.

"உக்கார்ந்திருக்கிறதுங்க," என்றாள் பொனிரா.

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர்தான் அதிகமாகச் சிரித்தார். அவளுக்குத் தோளும் இடுப்பும் வலிக்காமல் ஒரு காலைப்பொழுது போனது அதுவே முதல் தடவை என்பது வுர்யானிக்கு மட்டும் தெரிந்தது. இயக்குநர் அந்த அட்டையைச் சுருட்டித் தன்னோடு எடுத்துக்கொண்டார். இருபத்தொன்பது பேர்களும் அமைச்சகத்தின் ஏட்டில் ஏறும் என்றார். மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டு நிபுணர்களோடு திரும்பி வந்து, ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டையும் குழாயையும் பார்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார். சாமாட்டின் கை ஜீப் மறைந்த பிறகும் வணக்கத்தில் நின்றது.

திங்கட்கிழமை வகுப்பில் பன்னிரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் இருபத்தொன்பது பேர்கள். வுர்யானி பேனாவைத் திறந்து, பதினெட்டாவதாக இருந்த பொனிராவின் பேருக்கு நேரே வைத்தாள். வந்ததாகப் போட்டால் பொய். நிபுணர்கள் வந்து காலி பெஞ்சைப் பார்த்தால் கேள்வி அவளிடம்தான் வரும். வரவில்லை என்று போட்டால் மாதாந்திர அறிக்கையில் பதினேழு பேரும் மறுபடி வெளியே நிற்பார்கள், அவள் கையெழுத்தோடு. எந்தப் பக்கம் பேனாவை வைத்தாலும் லாரி தெரிந்தது. பயம் தாங்கமுடியாமல் போன கட்டத்தில் அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக வட்டார அலுவலகத்துக்கு நடந்தாள். தைரியம் வந்துவிட்டது என்று பின்னால் ஊரில் சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. தனியாகப் பயப்பட முடியவில்லை, அவ்வளவுதான்.

"வந்ததா போடவா, வரலன்னு போடவா, ஐயா? நீங்க எதைச் சொன்னாலும் போடறேன். எழுத்துல மட்டும் கொடுத்துடுங்க."

எழுத்தில் என்றதும் சாமாட் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தார். "இதுக்கெல்லாம் எதுக்கு எழுத்து?"

"நான் தப்பாப் போட்டுட்டா?"

சார்ஜண்ட் குறுக்கிட்டார். "இபு, உங்க அண்ணனைப் பத்தி நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்துச் சொன்னதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. கரும்பலகையில் அடுத்த வரி தானாக வருவதுபோல வந்தது.

"ஞாபகம் இருக்குங்க. என்னைச் சுத்தமில்லாதவன்னு எழுதினா, நான் போட்ட படமும் சுத்தமில்லாததா ஆயிடும். படம் அமைச்சகத்துல இருக்கு. அதுக்குக் கீழே மூணு கையெழுத்து இருக்கு, ஐயா. என்னோடது மூணாவது."

சாமாட்டின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியதை வுர்யானி பார்த்தாள். பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். அதை இன்னொருவரிடம் பார்ப்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சார்ஜண்ட்," என்றார் சாமாட் கடைசியில். "ஜீப்புல எத்தனை பீப்பாய் ஏறும்?"

மறுநாள் விடியலிலிருந்து சார்ஜண்ட் துக்கிரான் ஊற்றிலிருந்து பதினேழு வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோனார். நாட்டின் பாதுகாப்புப் பணி என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. குடம் தூக்காத பதினேழு பெண்களும் பள்ளிக்கு வந்தார்கள். பத்து நாளில் சார்ஜண்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு பீப்பாயை இறக்கும்போது பொனிராவிடம், "இதைத் தினமும் நீயா தூக்கினே?" என்று கேட்டாராம். "ஒரு நாளைக்கு ரெண்டு நடைங்க," என்றாளாம். அன்று மாலையே அவர் சாமாட்டிடம் போய், நிபுணர்கள் வீட்டில் குழாயைக் கேட்டால் ஜீப்பைக் காட்டமுடியாது என்று எடுத்துச் சொன்னார். மாவட்டத்திலிருந்து துளைபோடும் ஆட்கள் வந்தார்கள். ஐந்து அடிகுழாய்கள் தீர்மானமாயின. பாறை கடினமாக இருந்ததால் வாரத்துக்கு ஒன்றுதான் முடிந்தது.

இரண்டாவது குழாயில் தண்ணீர் வந்த வாரம். ஜுமெனோ மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தான். மரவள்ளிச் சோற்றைத் தட்டில் வைத்த வுர்யானி அவன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாமாட்டுக்குத் தந்தி," என்றான். "நான்தான் எழுதி எடுத்தேன். மறு ஆய்வு ரத்து. புதிய கணிதத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் சமுதாய மாற்றம் உடற்பயிற்சி வழியாக." சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். "ஒரு மணிக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"கொடுத்தா மத்தியானமே தோண்டறதை நிறுத்திடுவாங்க."

"ஜீப்பும் நின்னுடும்."

இருவரும் உறையைப் பார்த்தார்கள். ஜுமெனோ மறுபடி பேசியபோது குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "தீவோட மேற்குக் கோடியில கெடுங்சமார்னு ஒரு ஊர் இருக்கு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். தபால் அடிக்கடி மாறிப்போகும். போய்த் திரும்பி வர மூணு வாரமாவது ஆகும்." வெற்று உறை ஒன்றையும் பேனாவையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினான். "நீ எழுது, டிக். என் கையைப் பாரு. இந்தக் கையால எழுதினா யாருக்கும் தெரிஞ்சிரும்."

அவள் பேனாவை எடுத்தாள். அவள் கையிலும் நடுக்கம் நின்றபாடில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கையை மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள், எந்தக் கை முதலில் அடங்கும் என்று. அவள் கைதான் அடங்கியது.

தந்தி இருபத்தாறு நாள் கழித்து, "இவ்வூரில் இப்படி ஒரு அலுவலகம் இல்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ஐந்தாவது குழாயின் திறப்பு விழா அதற்கு முந்தின நாள் முடிந்திருந்தது. தொலைநோக்கைப் பற்றிச் சாமாட் அங்கே ஒரு மணி நேரம் பேசியிருந்தார். மாவட்டத் தலைவர் அவர் தோளைத் தட்டியதைப் படம் எடுத்திருந்தார்கள். ஜுமெனோ தந்தியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். சாமாட் இரண்டு முறை படித்தார். பிறகு உறையைத் திருப்பி, மேலே எழுதியிருந்த விலாசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கே. தந்தி ஆபீஸ்ல பொம்பளைங்க யாராவது வேலை செய்றாங்களா?"

சாமாட் அவனைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தன் பெயர் பொறித்த புதுக் குழாயைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து உறையை உள்ளே போட்டுப் பூட்டினார்.

"இது எனக்கு வரவே இல்ல," என்றார். "ஆனா எங்கிட்ட இருக்கு. புரியுதா?"

"புரியுதுங்க, ஐயா."

அவன் வீட்டுக்கு வந்து இதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். வுர்யானி கேட்டுக்கொண்டு, தலையை முடிந்து, மதிய வகுப்புக்குப் புறப்பட்டாள். பதிவேட்டைத் திறந்து பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பதினேழாவது பேரைக் கூப்பிட்டதும் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தினாள். பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சத்தம் பள்ளிக்கு எதிரே வந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து போனது.

அவள் பதினெட்டாவது பேரைக் கூப்பிட்டாள்.

"இருக்கேன், டீச்சர்," என்றாள் பொனிரா.